சதுரமாய்ப் படர்ந்த செடி

இந்தப் பூவுக்கு என்ன பேர் என்று யாரிடம் போய்க் கேட்பது. இருந்த ஒரே ஆள் என் கொழுந்தன் ராஜதுரை, அவனும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டான். போகும்போதே கேட்டேன். “அது ஏதோ புல்லு மயினி. நீங்க இந்த உடைமரத்த விட்டு நவுந்துராதீங்க. தேரியில எல்லா மேடும் ஒண்ணுபோலதான் இருக்கும். பொறவு நான் சாமியத் தேடவா, உங்களத் தேடவா?” என்று சொல்லிவிட்டுப் போனான். புல்லாம். எந்தப் புல் இப்படி மூக்குத்தி மூக்குத்தியாக நீலத்தில் பூக்கும். கோயம்புத்தூரில் எங்கள் பாத்திரக்கடை கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, தெருவில் போகிற எருமைக்கு ஒரு கொம்பு மட்டும் ஏன் கீழே வளைந்திருக்கிறது என்று யோசித்து வியாபாரத்தைக் கோட்டை விட்டவள் நான், இதை விட்டுவிடுவேனா. தேரி என்றால் இதுதான், சுற்றிலும் செங்கல்லை இடித்துச் சலித்துக் கொட்டியது போலச் சிவப்பு மணல், கண்ணுக்கு எட்டிய மட்டும் மேடும் பள்ளமும், கழுத்துவரை புதைந்த பனைகள், தரையைத் தொட்டுக் கிடக்கிற முந்திரிமரங்கள், இங்கே கொல்லாமரம் என்பார்கள். மழை பெய்து ஓய்ந்த கார்த்திகைதான், ஆனால் மேல்மண் அதற்குள் உலர்ந்து சுடுகிறது. இந்த உடைமரத்து நிழலும் பேருக்குத்தான் நிழல். அதில் நான், என் மடியில் மஞ்சளில் நனைத்துக் காயவைத்த புதுத்துணி. சாமியை ஊர் மாற்ற வேண்டுமென்றால் அவர் இருக்கிற இடத்தில் ஒரு கைப்பிடி மண் எடுத்து, அதை மூத்த மருமகள் மடியில் கட்டிக்கொண்டு போய்ப் புது இடத்தில் போட்டுப் பீடம் கட்ட வேண்டும், பிடிமண் என்பார்கள். வழியில் கீழே இறக்கி வைக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. இவளாவது, திரும்பிப் பார்க்காமல் வருகிறதாவது என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. அதெல்லாம் அப்புறம், முதலில் சாமியைக் கண்டுபிடிக்க வேண்டுமே. பலவேசக்காரசாமி என்றால் பெரிய சிலையோ கோபுரமோ இல்லை, முழங்கால் உயரத்துக்குச் சதுரமாக ஒரு சுண்ணாம்பு மேடை, அவ்வளவுதான் அவர். மாமனார் போன பிறகு யாரும் வந்து கொடை என்கிற வருஷப் படையலைக் கொடுக்கவில்லை, ஆடிக்காற்றில் மணல் நகர்ந்து நகர்ந்து மேடையை மூடிவிட்டது. ரெட்டைப்பனைக்குக் கிழக்கே என்று அடையாளம் சொல்லிவைத்தார்கள். மணலே எழுந்து நடக்கிற ஊரில் மரத்தை நம்பி அடையாளம் சொன்னவர்களை என்ன சொல்ல. எது ரெட்டைப்பனை, ஒன்று விழுந்துவிட்டால் மற்றது வெறும் பனைதானே.

குனிந்து பார்த்தால்தான் இது எவ்வளவு கெட்டிக்காரச் செடி என்று தெரிகிறது. எழுந்து நிற்க ஆசையே இல்லை. ஒரு விரல் உயரம்கூட வராது, பாயை விரித்த மாதிரி மணலோடு மணலாகப் படுத்திருக்கிறது. எழுந்தால் காற்று பிடுங்கிவிடும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள். இலை நுனியில் எல்லாம் வெள்ளையாகப் பூனைமுடி, அந்த முடியில் மணல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மணலையே சட்டையாகப் போட்டுக்கொண்டால் வெயில் சுடாதோ என்னவோ. பூவுக்குள் எட்டிப் பார்த்தேன், நடுவில் ஒரு பொட்டு வெள்ளை. கொசுவைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு தேனீ வந்து இறங்கியது, அது இறங்கினதும் பூ முழுக்கத் தாழ்ந்து மணலைத் தொட்டது, எழுந்ததும் நிமிர்ந்தது. அடுத்த பூ. அடுத்த பூ. ஒன்றைக்கூட விடவில்லை, கொஞ்சம் என்னைப் போலத்தான் அதுவும். எறும்பு ஒன்று உமி போன்ற எதையோ இழுத்துக்கொண்டு போயிற்று, அதன் பின்னாலேயே போனேன், விதையாகத்தான் இருக்க வேண்டும். ஒரு விதை எத்தனை கோடை மண்ணுக்குள் கிடந்து ஒரு மழைக்காகக் காத்திருக்கும், எல்லா விதையும் ஒரே மழைக்கு முளைத்துவிடுமா, இல்லை, இந்த மழையை நம்ப வேண்டாம் என்று சில விதைகள் உள்ளேயே கிடந்துவிடுமா. இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று தெரியும். “வந்துட்டாய்யா விசாரணைக் கமிஷன்” என்பார். கல்யாணமான புதிதில் வைத்த பேர். இட்லிக்கு ஏன் குழிவான தட்டு, சிவகாசியில் மழை பெய்தால் பட்டாசு என்ன ஆகும், உங்க அக்கா ஏன் என்னோடு பேசும்போது மட்டும் தலையைச் சொறிகிறாள், எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, “கமிஷன் அறிக்கையத் தாக்கல் பண்ணிட்டாத் தூங்கலாம்” என்பார். என்பார். இப்போது என்ன கேட்டாலும் சரி என்கிறார். பக்கவாதம் வந்து வலது கையையும் காலையும் எடுத்துக்கொண்டது, பேச்சு முழுவதையும் எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் ஒரே ஒரு சொல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது. சரி. பசித்தால் சரி, வேண்டாம் என்றாலும் சரி, கோபத்தில் தட்டைத் தள்ளிவிடுகிறபோதும் சரி. நான் அதில் ராகம் பிரிக்கக் கற்றுக்கொண்டேன், இழுத்துச் சொன்னால் தண்ணீர், வெட்டிச் சொன்னால் என்னை விடு. கிளம்பும் முன் கேட்டேன், உங்க சாமியை நம்ம ஊருக்குக் கொண்டு வந்துரட்டுமாங்க. சரி என்றார். அது எந்தச் சரி என்று எனக்குத் தெரியவில்லை. ரயிலில் வரும்போதெல்லாம் அந்த ஒரு சரியைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

இந்தச் செடிப் படுக்கைக்கு அடியில் விரலை நுழைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருக்கிறது. ஒரு சாண் தள்ளி வெறும் மணலில் நுழைத்தால் சூடு, தோண்டத் தோண்டப் பொலபொலவென்று சரிகிற உலர்ந்த மணல். இங்கே மட்டும் ஈரம் எப்படி நிற்கிறது. தேரியில் பெய்கிற மழை நிற்காது, சல்லடையில் ஊற்றினது மாதிரி நேரே கீழே போய்விடும் என்று வண்டிக்காரர் வரும்போது சொன்னார். பின்னே இது எதைக் குடிக்கிறது. கேள்வி, கேள்வி. வாய் ஓயாமல் கேட்கிற நான் ஆஸ்பத்திரியில் மட்டும் எப்படி ஊமையானேன். அந்த டாக்டர் பொறுமையான பெண், பேனாவை மேசையில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்து, “வேற ஏதாவது கேக்கணுமாம்மா?” என்றாள். நான் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்டேன். பிசியோதெரபிக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருவாரா என்று கேட்டேன். அந்த நாற்காலிக்கு ஏன் சக்கரம் மூன்று என்றுகூடக் கேட்டேன். இவருக்குப் பேச்சு திரும்ப வருமா என்று மட்டும் கேட்கவில்லை. நாக்கு நுனிவரை வந்தது, எச்சிலோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். பயம்தான், வேறென்ன. அவள் வராது என்று சொல்லிவிட்டால் அந்த அறையை விட்டு நான் எப்படி எழுந்து வெளியே வருவது, வெளியே பெஞ்சில் அவரை உட்கார வைத்திருக்கிறேன், என் முகத்தை ஒரு பார்வை பார்த்தால் போதும், அவருக்குத் தெரிந்துவிடும். அப்புறம்தான் உக்கடத்தில் குறி சொல்கிற அம்மாவிடம் மகள் ஜெயசுதா கூட்டிக்கொண்டு போனாள். “உங்க சாமி மண்ணுக்குள்ள வாய மூடிட்டுக் கெடக்குதுங்க. அதேன் உங்க வீட்டுக்காரருக்கும் வாய் மூடிக்கிச்சுங்க” என்றாள் அந்த அம்மா. அட, என்ன பொருத்தம் என்று மனசுக்குள் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாலும், அன்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன். செய்வதற்கு ஒன்று மிச்சம் இருக்கிறது என்கிற தூக்கம்.

இது என்ன, இந்தப் பக்கம் செடி சட்டென்று நின்றுவிடுகிறது. வட்டமாகத்தானே படர வேண்டும், நடுவில் வேர், நாலா பக்கமும் கொடி, தோசை மாதிரி. மேட்டுச் சரிவில் சின்னச் சின்னதாக இரண்டு மூன்று கிடக்கிறதே, அதெல்லாம் வட்டம்தான். இது மட்டும் ஏன் கோடு கிழித்த மாதிரி நிற்கிறது. எழுந்து நின்று பார்த்தேன். உடைமரத்தை விட்டு நகரக் கூடாது என்றான், நகரவில்லை, எழுந்துதானே நின்றேன். ஓரம் நேராகப் போகிறது, போய் ஓரிடத்தில் திரும்புகிறது, திரும்பி மறுபடி நேராக. மூலை. செடிக்கு எங்காவது மூலை இருக்குமா. இன்னும் இரண்டு மூலை அங்கே, கொஞ்சம் மணல் ஏறி மங்கலாக. நாலாவது மூலை உடைமரத்து வேருக்குப் பக்கத்தில், இவ்வளவு நேரம் நான் உட்கார்ந்திருந்த இடத்தில், என் சேலைத் தலைப்புக்கு அடியில். சதுரம். பாய் விரித்த மாதிரி என்று நான்தானே சொன்னேன், பாய்க்கு நாலு மூலை உண்டென்று அப்போது தோன்றவில்லையே. அடியில் ஏதோ கெட்டியாக இருக்கிறது, மழைத்தண்ணீரைக் கீழே விடாமல் பிடித்து வைத்திருக்கிறது, அதுதான் ஜில்லென்று இருந்தது, அது எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்குத்தான் செடிக்கு ஈரம், அதைத் தாண்டிக் காலை நீட்டிய கொடியெல்லாம் காய்ந்துபோயிருக்கிறது, இதோ இருக்கிறதே காய்ந்த கொடி. கண்டுபிடித்த சந்தோஷத்தில் எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது, அவரைத் திரும்பிப் பார்த்து, கேட்டீங்களா, கமிஷன் அறிக்கை தயார் என்று சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அவர் எங்கே இருக்கிறார் இங்கே. அதற்கப்புறம்தான் அந்தக் கெட்டியானது என்ன என்று உறைத்தது. உட்கார்ந்துவிட்டேன்.

கூப்பிட வேண்டியதுதான். ராஜதுரை என்று ஒரு குரல் கொடுத்தால் மேடேறி ஓடி வருவான். வாயில் குரல் வரவில்லை. ஏன் வரவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இந்தப் பூவுக்காகவா, தோண்டினால் செடி போய்விடுமே என்றா, கொஞ்சம் அதற்காகவும்தான், ஆனால் பொய் சொல்லாதே சந்திரக்கனி, அது மட்டும் இல்லை. சாமி கிடைத்தால் மண் எடுப்போம், மண் எடுத்தால் கோயம்புத்தூரில் பீடம் கட்டுவோம், கட்டின பிறகு என் வீட்டுக்காரர் முகத்தை எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்போம், இன்றைக்குப் பேசுவார், நாளைக்குப் பேசுவார் என்று. பேசாவிட்டால்? மாத்திரை பார்த்தாயிற்று, எண்ணெய் பார்த்தாயிற்று, மின்சாரம் வைத்துப் பார்த்தாயிற்று. இது ஒன்றுதான் மிச்சம். சாமி மண்ணுக்குள் இருக்கிறவரை எனக்கு ஒரு நாளை இருக்கிறது. பேசாமல் காலை நீட்டி அந்த மூலையில் மணலைத் தள்ளிவிட்டால் சதுரம் அழிந்துவிடும், வெறும் பச்சையாகத்தான் தெரியும், யாருக்கும் மூலை தெரியாது. கால் தானாக நீண்டது. பிறகு பார்த்தால் தேனீ அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது, மூலையில் இருக்கிற கடைசிப் பூவில். காலை மடக்கிக்கொண்டேன். சாமி இருக்கிறாரோ இல்லையோ, இருந்தால் இவ்வளவு நேரம் அவர் தலைமேல் உட்கார்ந்து நான் யோசித்ததெல்லாம் அவர் காதில் விழுந்திருக்குமே என்று ஒரு பக்கம் வெட்கமாக இருந்தது. இவ்வளவு ஜில்லென்று பூப்போட்ட போர்வைக்கு அடியில் படுத்திருக்கிற ஆளைப் போய் வாயை மூடிட்டுக் கிடக்கிறார் என்று அந்த அம்மா சொன்னாளே. கொடை கொடுக்க ஆள் வராத இத்தனை வருஷமும் மழைக்கு மழை பூ விழுந்திருக்கிறது அவர் மேல். அவர் ஒன்றும் வாயை மூடிக்கொண்டு கிடக்கவில்லை, யாராவது கேட்டால்தானே அவர் பேசுவதற்கு.

ராஜதுரை வேறு பக்கமாக ஏறி வந்தான், சட்டையெல்லாம் வேர்வை, வேர்வையெல்லாம் செம்மண். மண்வெட்டியைக் குத்தி வைத்துவிட்டுத் தண்ணீர்ப் பாட்டிலைக் காலி பண்ணினான். “தட்டுப்படல மயினி. அந்தப் பனையச் சுத்திப் பத்து எடத்துல வெட்டிப் பாத்துட்டேன்” என்றவன், என் முகத்தைப் பார்க்காமல் மேட்டைப் பார்த்துக்கொண்டு, “ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீங்க. எல்லாம் ஒரே தேரி மண்ணுதான. இங்கனயே ஒரு பிடி அள்ளி முடிஞ்சிட்டுப் போயிருவோம். யாருக்குத் தெரியப்போவுது? அண்ணனுக்காவ ஏதாச்சும் செஞ்சோம்னு நம்ம மனசுக்கு ஒரு ஆறுதல்” என்றான். அவனுக்கும் அண்ணன் மேல் உயிர். எனக்கோ உள்ளுக்குள் ஒரு கள்ளச் சந்தோஷம். இதைவிட நல்ல வழி உண்டா. தப்பான மண்ணைக் கொண்டு போவோம். அவர் பேசிவிட்டால் நல்லது. பேசாவிட்டால், அது சாமி மண் இல்லை என்று எனக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியும், நிஜமான மண் இங்கே பூவுக்கு அடியில் பத்திரமாக இருக்கும், மறுபடி ஒரு தடவை வரலாம், அப்போதும் தப்பாக எடுக்கலாம், இப்படியே வருஷம் வருஷமாக. துணியை விரித்துக்கூட விட்டேன். அவன் குனிந்து வெறும் மணலில் கையை வைத்தான், விரல் இடுக்கு வழியாக உலர்ந்த மணல் ஒழுகி, கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. மறுபடி அள்ளினான், மறுபடி ஒழுகியது. அந்தக் காலிக் கையைப் பார்க்கிறபோது என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு பூவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை, கட்டின புருஷனுக்கு என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ளாமலே இருந்துவிடுவேனாம். நான் என்ன ஜென்மம்.

“ராஜதுரை, அங்க வேண்டாம்” என்றேன். “இங்க வா. இந்தச் செடியப் பாரு, எப்படி இருக்கு?” அவன் பார்த்தான். “பச்சையா இருக்கு.” “வடிவத்தப் பாருடே.” அவன் தலையைச் சாய்த்தான், ஒரு பக்கம் நடந்தான், மூலையில் நின்றான், அடுத்த மூலைக்கு நடந்தான், அங்கே போனதும் காலில் செருப்பு கிடக்கிறதைப் பார்த்து அவசரமாக உதறிவிட்டான். “எய்யா, பலவேசக்காரா” என்று தலைக்குமேல் கையெடுத்துக் கும்பிட்டான். செடியைச் சிதைக்காதே என்றேன், மண்வெட்டி வேண்டாம், ஓரமாகக் கையால் மணலைத் தள்ளு என்றேன். முழங்கை மறைகிற ஆழத்தில் சுண்ணாம்பு தட்டுப்பட்டது. நானும் தொட்டுப் பார்த்தேன், ஈரமான மழமழப்பு, ஒரு முனை மட்டும் பொரிந்து சொரசொரவென்று. அந்த முனையிலிருந்து அவன் ஒரு பிடி எடுத்தான். ஒழுகவில்லை, ஈரமண், அவன் விரல் பதிந்த தடத்தோடு கொழுக்கட்டை மாதிரி என் மடியில் விழுந்தது. அதில் மெல்லிய வேர் ஒன்று வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது. இதில் விதையும் இருக்குமோ, கோயம்புத்தூர் மண்ணில் இது முளைக்குமோ, முளைத்தால் எந்த மழைக்கு. தள்ளின மணலைத் திரும்பவும் ஓரத்தில் அணைத்துவைத்தான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூக்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டுகொண்டிருந்தன, உச்சிவெயில் வந்துவிட்டது போல. நிழல் மரத்தடிக்குள் ஒடுங்கிவிட்டது. இனி நடக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது.

மேட்டு உச்சியில்தான் செல்போனுக்கு டவர் கிடைத்தது. மடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஜெயசுதாவைக் கூப்பிட்டேன், அப்பா காதில் வை என்றேன். “ஏங்க, நான்தான். சாமி கெடச்சிட்டாரு.” “சரி” என்றார். “மேல பூரா நீலப்பூவு. செடி சதுரமா இருந்திச்சு, அத வச்சுத்தான் நான் கண்டுபிடிச்சேன்.” “சரி” என்றார், இது இழுக்காத, வெட்டாத, புதுச் சரி, சிரிப்பு கலந்தது. விசாரணைக் கமிஷன் என்று சொல்ல முடிந்திருந்தால் சொல்லியிருப்பார். முதுகுக்குப் பின்னால் எல்லாப் பூவும் மூடியிருக்குமா என்று திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. திரும்பவில்லை. எச்சிலை விழுங்கினேன், இந்தத் தடவை கேள்வியை விழுங்கவில்லை. “ஏங்க, உங்களுக்கு மறுபடி பேச்சு வருமா?” என்று கேட்டேன். அந்தப் பக்கம் மின்விசிறி கடகடவென்று ஓடுகிற சத்தம். அவர் மூச்சு கேட்டது. ராஜதுரை முன்னால் போய் நின்று எனக்காகக் காத்திருந்தான். மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. “அம்மா, அப்பா லைன்லதான் இருக்காவ, கண்ணு கலங்குது, என்ன கேட்ட?” என்றாள் ஜெயசுதா. எதற்கெடுத்தாலும் சரி சொல்கிற மனிதர் இதற்குச் சரி சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது, தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லி ஒரு நாளும் என்னை அவர் ஏமாற்றியதில்லை. நான் கேட்ட ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் புரிந்திருக்கிறது, உள்ளே அவர் முழுசாக இருக்கிறார். நான் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஈரம் துணியைத் தாண்டி வயிற்றில் ஜில்லென்று பட்டது.

“சரிங்க” என்றேன். “வந்து பேசிக்கிடுவோம்.”